ஜோடி இல்லாத பொம்மைகள்

1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவின் தோரானோமோன் பகுதியில், ஒரு வாடகை அரங்கில், காமிக் மார்க்கெட் என்ற சந்தை முதன்முதலாகக் கூடியது. வாசகர்கள் தாங்களே வரைந்து அச்சடித்த மாங்கா இதழ்களைத் தாங்களே விற்கும் சந்தை அது. 32 குழுக்கள் கடை விரித்தன. சுமார் 700 பேர் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். பெண்களுக்கான மாங்காவைப் படித்து, அதன் பாத்திரங்களுக்குப் புதுக் கதை எழுதிப் பார்த்தவர்கள். இன்று லட்சக்கணக்கில் ஆட்கள் திரளும் அந்தச் சந்தையை ஆரம்பத்தில் தாங்கிப் பிடித்தது இவர்கள்தான்.

எட்டு வருடம் கழித்து, 1983இல், அகியோ நகாமோரி என்ற பத்தி எழுத்தாளர் அந்தச் சந்தைக்கு வருகிறவர்களைக் கேலி செய்து எழுதினார். 'ஒட்டாக்கு' என்ற சொல் அங்கிருந்துதான் பரவியது. அந்தச் சொல்லைக் கேட்டதும் உலகத்துக்கு மனதில் தோன்றுவது ஓர் ஆண்: தடித்த கண்ணாடி, கலைந்த தலை, அறை முழுக்கப் பொம்மை. கடை விரித்த பெண்பிள்ளைகள் அந்தப் படத்தில் இல்லை. பெண்கள் தொடங்கியதை ஆண்களின் பெயரில் எழுதிவைப்பது வரலாற்றுக்குப் புதிதல்ல என்பதால் இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் விளைவை நான் இங்கே, திருவண்ணாமலை வேங்கிக்காலில், என் வீட்டு ஹாலில் பார்க்கிறேன்.

என் அக்கா மகள் வேலைக்காக என்னோடு தங்கியிருக்கிறாள். இருபத்தாறு வயது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் எங்கள் வீடு. ஹாலில் சுவரோடு கட்டிய ஷோகேஸ். மேல் தட்டில் சாமி படம், அடுத்ததில் யாரோ கொடுத்த தலையாட்டிப் பொம்மையும் கல்யாணப் பரிசுகளும். மூன்றாம் தட்டு அவளுடையது. அங்கே பதினோரு அனிமே உருவங்கள் நிற்கின்றன. எல்லாம் அவள் சம்பளத்தில் வாங்கியவை. ஊரிலிருந்து வரும் ஒவ்வொருவரும் அந்தத் தட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் போவதில்லை.

இந்த உருவங்கள் எங்கிருந்து வந்தன? 1963 ஜனவரி 1 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒஸாமு தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' தொடங்கியது. அதற்குப் பணம் கொடுத்தது ஒரு மிட்டாய் கம்பெனி. சாக்லேட்டோடு அந்த எந்திரச் சிறுவனின் ஸ்டிக்கரைக் கொடுத்து விற்றது. கதையும் கடையும் சேர்ந்தே வளரும் வழக்கம் அப்படி ஆரம்பித்தது. 1979இல் வந்த 'மொபைல் சூட் கன்டம்' தொடரைப் போதிய பேர் பார்க்கவில்லை என்று 43 அத்தியாயங்களோடு முடித்தார்கள். மறுவருடம் பண்டாய் கம்பெனி அதன் எந்திரங்களை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரிகளாக வெளியிட்டது. கடைகளில் வரிசை நின்றது. நின்றுபோன தொடர் சினிமாவாகி, அடுத்தடுத்த தொடர்களாகி, இன்றுவரை ஓடுகிறது. பொம்மை கதையைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம்.

இந்த வியாபாரம் பையன்களுடையது என்ற நினைப்பை 1992இல் 'செய்லர் மூன்' அசைத்தது. மருந்தியல் படித்த நவோகோ தாகெயுச்சி என்ற பெண் படைத்தது. அதில் ஐந்து மாணவிகள் கூட்டாகச் சண்டை போட்டார்கள். ஒருத்தியைப் பிடித்தவள் மற்ற நால்வரையும் தேடி வாங்கினாள். ஆனாலும் பெண் எழுதினால் பையன்கள் படிக்கமாட்டார்கள் என்ற பயம் போய்விடவில்லை. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' எழுதிய அராகாவா, ஹிரோமி என்ற தன் பெயரை ஹிரோமு என்று ஆண்பெயராக மாற்றிக்கொண்டே எழுதினார். எங்கள் மூன்றாம் தட்டில் அவருடைய பாத்திரங்கள் இரண்டு உண்டு.

2006இல் குட் ஸ்மைல் கம்பெனி நெண்டோராய்டு வரிசையைக் கொண்டுவந்தது. சுமார் 10 சென்டிமீட்டர் உயரம், பெரிய தலை, மாற்றிப் பொருத்தக்கூடிய முகங்கள். வீட்டில் தனக்கென்று ஓர் அறையில்லாத பெண்ணாலும், மேசையோரம் இருந்தால்கூட, ஒன்றை வைத்துக்கொள்ள முடிந்தது.

சேர்ப்பதும் அடுக்குவதும் நம் ஊர்ப் பெண்களுக்கு அந்நியமல்ல. நவராத்திரிக் கொலுவைவிடப் பெரிய பொம்மைச் சேகரிப்பு தமிழ்நாட்டில் வேறென்ன? ஒற்றைப்படையில் படிகள், வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மை, தாயிடமிருந்து மகளுக்குப் போகும் பெட்டி. மதுரை விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் அவற்றுக்கு வண்ணம் தீட்டும் கைகளில் பெண்களின் கைகள் உண்டு. ஆனால் அந்தப் படிகளை யார் தொடலாம், யாருக்குத் தாம்பூலம் என்பதில் சாதியும் தீட்டும் தாலியும் காவல் நின்றன. எங்கள் வீட்டில் கொலு கிடையாது. என் அம்மா அடுத்த தெருவில் வாசலோடு நின்று பார்த்துவிட்டு, சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தவள்.

கொலுவின் மூத்த பொம்மை மரப்பாச்சி. செம்மரத்தில் செதுக்கிய ஆணும் பெண்ணும். கல்யாணமாகிப் போகும் மகளுக்கு அம்மா கொடுத்தனுப்புவாள். அது தனியாக வருவதில்லை, ஜோடியாகத்தான் வரும். பெண்குழந்தை கையில் கிடைக்கும் முதல் பொம்மையே புருஷனோடு வருகிறது. அ. மங்கையின் நாடகக் குழுவுக்கு மரப்பாச்சி என்று பெயர் இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். செதுக்கிவைத்த இடத்தில் நிற்கவேண்டிய பொம்மை அங்கே எழுந்து நடமாடுகிறது.

எங்கள் மூன்றாம் தட்டு உருவங்களுக்கு ஜோடி இல்லை. பெட்டி ஒன்று, உருவம் ஒன்று. நெசுகோ என்ற பெண்ணின் வாயில் மூங்கில் கட்டியிருக்கும். அதைப் பார்த்து என் அக்கா கேட்டாள்: "வாயக் கட்டிப்போட்ட பொம்பளப் பொம்மை எதுக்குடி?" மகள் சொன்னாள்: "அந்த மூங்கிலக் கடிச்சிக்கிட்டேதாம்மா அவ அண்ணனக் காப்பாத்துறா." அக்கா சிரித்துவிட்டாள். பிறகு அவளே துணியால் அதைத் துடைத்து வைத்தாள்.

இவளுக்கு இந்த உலகம் டி.வி. வழியாக வந்தது. 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க் போகிமானை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் அதன் படம் போட்ட பிளாஸ்டிக் வட்டுகள் வந்தன. வட்டு அண்ணனுக்கு, சிப்ஸ் தங்கைக்கு என்று வீட்டில் பங்கு பிரித்தார்கள். 2022இல் சோனி யாய் சேனலில் நருட்டோ தமிழ் பேசினான். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வந்துவிட்டது. பார்ப்பது எளிதாகிவிட்டாலும் வாங்குவது கடினமாகிக்கொண்டே போகிறது. பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் ஏறியது. அசல் நெண்டோராய்டு ஒன்று வாங்க அவள் பல மாதம் சேமிக்கவேண்டியிருக்கிறது.

போன வருடம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஷோகேஸைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு இன்னும் கொழந்த புத்தியா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டு, "கல்யாணம் ஆனா தூக்கிப் போட்டுடுவாம்மா" என்றார். அந்த மாப்பிள்ளை வீட்டு ஹாலில் அவர் சேர்த்த சின்னக் கார்கள் நாற்பதுக்குமேல் இருந்தன. விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அதை எல்லோரும் ரசனை என்றார்கள். நகாமோரியின் கேலியில் பெண்பிள்ளைகள் காணாமல் போனதும் இப்படித்தான். ஆண் சேர்த்தால் பைத்தியமென்றோ ரசனையென்றோ ஒரு பெயராவது கிடைக்கிறது. பெண் சேர்த்தால் அது அவள் இன்னும் வளரவில்லை என்பதற்குச் சாட்சி.

இந்தப் பொம்மைகளைக் கொண்டாட மட்டும் நான் எழுதவில்லை. இந்தச் சந்தையின் பெரும்பகுதி ஆணின் கண்ணுக்காகச் செதுக்கப்பட்டது. பள்ளிச் சீருடைப் பெண்ணின் பாவாடையைக் காற்றில் தூக்கி நிறுத்திய உருவங்கள் உண்டு. உடையைக் கழற்றிப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட உருவங்கள் தனி வகையாக விற்கின்றன. என் அக்கா மகள் அவற்றைப் பார்க்காதவள் அல்ல, பார்த்துத்தான் தேர்கிறாள். பெட்டியின் அடியில் பெரும்பாலும் சீனாவின் பெயர் இருக்கும். பொம்மைத் தொழிற்சாலை என்றால் எனக்கு 1993 நினைவுக்கு வரும். அந்த மே 10 அன்று தாய்லாந்தின் கேடர் ஆலையில் 188 பேர் தீயில் இறந்தார்கள். நவம்பரில் சீனாவின் ஷென்ஜென் நகரில், ஜிலி ஆலையில், 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் கதவுகள் பூட்டியிருந்தன; இறந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்கள் செய்தவை வேறு நாட்டுக் கம்பெனிகளின் பொம்மைகள்தான், அனிமே உருவங்கள் அல்ல. ஆனாலும் ஒரு பெண்ணின் அலமாரிக்கு வரும் பொம்மை இன்னொரு பெண்ணின் கை வழியாக வருகிறது என்பதை மறக்கமுடியாது. பக்கத்து ராணிப்பேட்டையிலேயே பொம்மை ஆலை இருக்கிறது.

இத்தனையையும் தெரிந்துகொண்டே நான் அந்த மூன்றாம் தட்டுக்காகப் பேசுகிறேன். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெண்ணிடம் உள்ள சொத்து முழுக்க அவளுடையது என்கிறது. பிரதிபா ராணி வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவிக்கே உரியது, கணவன் வீட்டில் இருப்பதாலேயே அது அவர்களுடையது ஆகிவிடாது என்றது. சட்டம் பேசும்போது நமக்கு நகையும் நிலமும்தான் ஞாபகம் வருகின்றன. சொந்தச் சம்பளத்தில் வாங்கிய பதினோரு பிளாஸ்டிக் உருவங்களும் அதே சொத்துதான்.

அடுத்த முறை வரன் பேச வருகிறவர்களிடம் சொல்ல எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது. அதைச் சொல்லப்போவது நான் அல்ல, என் அக்கா. மரப்பாச்சி கொடுத்தனுப்ப வழியில்லாத வீட்டில் பிறந்தவள் அவள். "ஷோகேஸ் எவ்ளோ பெருசு இருக்குங்க உங்க வீட்ல? எங்க பொண்ணு பொம்மையோடதான் வருவா."