சின்னக் கோட்டைத் தேவாலயமும் சரபோஜியின் சலவைக்கல்லும்

தஞ்சையின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்த 1799 அக்டோபர் உடன்படிக்கையை இந்த வாரம் சொல்லி முடிப்பதாக இருந்தது. ஆனால் அதில் கையெழுத்திட்ட தஞ்சை அரசர் இரண்டாம் சரபோஜியின் மனத்தை அறிய வேண்டுமானால், அவர் பெயரில் நெடுநாளாக வழங்கிவரும் ஒரு பிழையை முதலில் அகற்றியாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அருகே, சிவகங்கைப் பூங்காவை ஒட்டி நிற்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்தை, தம் ஆசான் சுவார்ட்ஸ் ஐயரிடம் கொண்ட அன்பின் அடையாளமாக சரபோஜி 1779இல் கட்டினார் என்று சுற்றுலாக் கையேடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவருகின்றன. ஆண்டு சரிதான், ஆள்தான் தவறு. சரபோஜி பிறந்தது 1777 செப்டம்பரில். துளஜா மகாராஜா அவரைத் தத்தெடுத்தது 1787இல். தேவாலயத்துக்கு அடித்தளம் போட்டபோது அவர் வாரிசுகூட இல்லை, தவழ்ந்து எழுந்து நடக்கப் பழகிய குழந்தை. முதலாம் சரபோஜியாக இருக்கலாமே என்றால், அவர் 1728லேயே காலமாகிவிட்டார்.

அப்படியானால் கட்டியது யார்? 1776இல் தஞ்சை துளஜாவுக்குத் திரும்பக் கிடைத்தபோது கும்பினிப் படையும் கூடவே வந்து கோட்டைக்குள் தங்கிவிட்டது. 1778இல் தஞ்சையில் நிலையாகக் குடியேறிய சுவார்ட்ஸ் ஐயர் அந்தச் சிப்பாய்களுக்கும் சேர்த்தே போதகர். சின்னக் கோட்டைக்குள் எழுந்தது அந்தப் படையினருக்கான வழிபாட்டிடம். இங்கிலாந்தின் கிராமத்துப் பங்குக் கோயிலைச் சுற்றி ஊர் இருக்கும். அந்நாளில் குடியானவர்களின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போனது. நான்கைந்து தலைமுறை ஒரே கல்லறைத் தோட்டத்தில் உறங்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. இது ஊரில்லாத பங்கு. சபையார் மாற்றலாகிப் போய்விடுவார்கள். துளஜா ஐயரிடம் பிரியம் வைத்திருந்தாரே, அவர் உதவியிருக்க மாட்டாரா என்று கேட்கலாம். அரசர் மனம் வைக்காமல் அவர் கோட்டைக்குள் சுவர் எழும்பாது என்பது உண்மை. ஆனால் தடுக்காமல் இருந்ததையே கொடை என்று எழுதிவிட முடியாது.

தஞ்சாவூர்ச் சீமைக்கும் இந்தப் போதகருக்கும் இருந்த உறவு செங்கல்லில் இல்லை, நெல்லில் இருந்தது. ஹைதர் அலியின் படை 1781இல் காவிரிக் கரையைச் சூறையாடியபோது கோட்டைக்குள் பட்டினி, வெளியே கிராமங்களில் நெல். வண்டி மாடு தர ஒரு மிராசுதாரரும் முன்வரவில்லை. அதற்கு முன் கொடுத்ததற்கு அரண்மனையும் பணம் தரவில்லை, கும்பினியும் தரவில்லை. கடைசியில் அரண்மனையார் ஐயரின் வாக்கையாவது ஜனங்கள் நம்புவார்களா பார்ப்போம் என்று அவரிடம் வந்தார்கள். பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று அவர் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன; 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடி எல்லோருக்கும் பணம் எண்ணிக் கொடுக்கப்பட்டது. பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் பருமன் புரியும். 36 அடி உயரமுள்ள அந்தக் களஞ்சியத்தின் கொள்ளளவு 3,000 கலம். கலத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும்தான். தோராயமாகக் கணக்கிட்டாலும் அப்படி 26 களஞ்சியங்கள் நிரம்பி மிச்சமும் இருக்கும். அரசனின் முத்திரைக்கும் கும்பினியின் துப்பாக்கிக்கும் அசையாத நெல், ஒரு தனி மனிதரின் சொல்லுக்கு அசைந்தது. நம் நாட்டு வரலாற்றில் இதற்கு இணையான நம்பிக்கைச் சான்றுகள் மிகச் சில.

ஐயர் கும்பினியின் ஆள்தானே, சரபோஜியை வளர்த்து அரியணைக்கு வழிசெய்ததே நாட்டை வெள்ளைக்காரர் கையில் கொடுக்கத்தானே என்பது வலுவான வாதம். சரபோஜிக்கு முன் அரியணையில் இருந்த அமர்சிங்கைக் கொடியவனாகவே காட்டும் மிஷன் எழுத்துகளை நானும் முழுதாக ஏற்கவில்லை. தோற்றவனுக்காகப் பேச அங்கே ஆள் இல்லை. ஆனால் ஹைதரிடம் தூது போய்த் திரும்பும்போது தமக்குக் கிடைத்த 300 ரூபாயைக்கூட சென்னை அரசிடம் ஒப்படைத்து, அவர்கள் வற்புறுத்திய பின் பள்ளிக்கூட நிதிக்கு வைத்தவர் அவர். கும்பினி அவரைப் பயன்படுத்திக்கொண்டது. அவர் கும்பினிக்கு விலைபோகவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்கள் சரபோஜியின் நன்றியையும் அடிமைத்தனம் என்றே படிப்பார்கள்.

அந்த நன்றியின் உண்மையான சான்று தேவாலயத்துக்குள் இருக்கிறது. மரணப் படுக்கையில் ஐயர். அவர் கையைப் பற்றியபடி சரபோஜி. அருகே பள்ளிச் சிறுவர்கள் மூவர். லண்டனில் ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய அந்தச் சலவைக்கல் சரபோஜி பணம் கொடுத்துச் செய்வித்தது. ஐயர் இறந்தது 1798 பிப்ரவரி 13. அன்று அரியணையில் இருந்தவர் அமர்சிங். சரபோஜி முடிசூட்டிக்கொண்டது அந்த ஜூன் மாதக் கடைசியில். ஆகவே அந்தக் கல்லில் கைபற்றி நிற்பவர் அரசர் அல்லர், அரியணை கிடைக்குமா என்பதே உறுதியாகாத இருபது வயது இளைஞர். அரசரான பின் அவர் செய்வித்த கல்லிலும் அந்த நிலையில்தான் இருக்கிறார். கும்பினியும் ஐயருக்குச் சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தது. அது ஊழியருக்கு நிறுவனம் செய்த மரியாதை. தஞ்சைக் கல்லோ மகன் செய்த கடன். ஒரு லட்சம் வராகனுக்கும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் ஆட்சியை எழுதிக் கொடுத்த 1799 உடன்படிக்கைக்கு அடுத்த இதழில் வருவோம்.