20 நிமிடச் சோதனை, 72 மணி நேரக் கவனிப்பு

பால் கொடுப்பவள் என்பதால்தான் குழந்தை தாயிடம் ஒட்டிக்கொள்கிறது: 1950-களின் உளவியல் பாடம் ஏறக்குறைய இதுதான். லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் ஜான் பௌல்பி இதை மறுத்தார். ஆபத்தில் அடைக்கலம் தேடும் இயல்பு பசியிலிருந்து பிறந்ததல்ல, பரிணாமம் தந்த தனி இயல்பு என்றார். அவரிடம் ஆய்வாளராகச் சேர்ந்த மேரி ஐன்ஸ்வொர்த்துக்கே இதில் முழு நம்பிக்கை வரவில்லை.

நம்பிக்கை வந்தது உகாண்டாவில்தான். 1954இல் கணவரின் வேலைக்காக அங்கே போனவர், கம்பாலாவை அடுத்த கிராமங்களில் 26 குடும்பங்களின் 28 குழந்தைகளை மாதக்கணக்கில் வீடுதேடிச் சென்று கவனித்தார். தவழ்ந்து விலகிப் போகிற குழந்தை, தாய் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் விளையாடப் போவதைக் குறித்துக்கொண்டார். பால் குடிப்பதற்கும் இந்தத் திரும்பிப் பார்த்தலுக்கும் தொடர்பில்லை. குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்: 16 பேர் பாதுகாப்பான பிணைப்பு, 7 பேர் பாதுகாப்பற்ற பிணைப்பு, 5 பேர் இன்னும் பிணைப்பு உருவாகாதவர்கள்.

1963இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து அதே வேலையை மீண்டும் தொடங்கினார். மறுபடியும் 26 குடும்பங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் என, குழந்தைக்கு ஒரு வயது தாண்டும்வரை தொடர்ந்ததில் ஒவ்வொரு வீட்டிலும் சுமார் 72 மணி நேரக் கவனிப்பு சேர்ந்தது. ஆனால் ஒரு சிக்கல். தாய் நகர்ந்தால் உகாண்டாக் குழந்தை அழுதது. அமெரிக்கக் குழந்தைக்கோ அம்மா அறைக்கு அறை போய்வருவது பழகிப்போன விஷயம். வீட்டில் வெளிப்படாததைப் பழக்கமில்லாத இடத்தில் பார்க்கலாம் என்று பார்பரா விட்டிக்குடன் சேர்ந்து அவர் வகுத்ததுதான் ‘அந்நியச் சூழல்’ சோதனை.

பொம்மைகள் கிடக்கும் ஓர் அறை, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் கவனிப்பவர்கள். முன்பின் அறியாத ஒரு பெண் வருகிறாள்; தாய் வெளியே போகிறாள், வருகிறாள்; மறுபடி போகும்போது குழந்தை தனியாக விடப்படுகிறது. மொத்தம் எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் மூன்று நிமிடம். அழுகை மிஞ்சினால் அந்தக் கட்டத்தைச் சுருக்கிவிடுவார்கள்.

எவ்வளவு அழுதது என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்தது என்பதே அதிகம் சொன்னது. அதை வைத்துக் குழந்தைகள் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டார்கள். ‘பி’ வகைக் குழந்தை தாயைத் தேடிப் போய்த் தேறுதல் பெற்று மறுபடி பொம்மைக்குத் திரும்பியது. ‘ஏ’ வகை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ‘சி’ வகை தூக்கச் சொல்லி அழுதது, தூக்கினால் உதைத்தது. 1978இல் வெளியான ஐன்ஸ்வொர்த் குழுவினரின் நூலில் 106 குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ‘பி’. இந்த எழுத்துகளுக்குப் பொருள் தந்தவை வீட்டுக் குறிப்புகள்தாம். ‘பி’ குழந்தைகளின் தாய்மார் அழுகைக்குச் சட்டென்று செவிசாய்த்தவர்கள்; ‘ஏ’ குழந்தைகளின் தாய்மார் பலர் உடல் நெருக்கத்தை விரும்பாதவர்கள். அலட்டிக்கொள்ளாததுபோல் இருந்த ‘ஏ’ குழந்தைகளின் இதயத் துடிப்பு எகிறியதை ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் 1977இல் காட்டினார்கள்.

அந்த அறையைப் பிற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தபோதுதான் குழப்பம் வந்தது. வட ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் பாதிக் குழந்தைகள் ‘ஏ’. ஜப்பானின் சப்போரோவில் ‘ஏ’ ஒன்றுகூட இல்லை, ‘சி’ ஏராளம். ஜெர்மன் தாய்மார் கல்நெஞ்சர்களா? சிறுவயதிலேயே தன்னைத்தானே பார்த்துக்கொள்ளப் பழக்கும் ஊர் அது. தாயைவிட்டு அரிதாகவே பிரியும் ஜப்பானியக் குழந்தைக்கோ மூன்று நிமிடத் தனிமையே பெருங்கொடுமை. எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளை 1988இல் தொகுத்த வான் ஐசன்டோர்னும் க்ரோனன்பர்க்கும், நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருக்கும் வேறுபாடு ஒன்றரை மடங்கு என்று கண்டார்கள். நாட்டுக்கு நாடு முத்திரை குத்தும் ஆசைக்கு அது நல்ல பதில்.

மூன்று வகைக்குள்ளும் அடங்காத குழந்தைகள் எஞ்சியிருந்தார்கள். தாயைக் கண்டதும் உறைந்து நின்றவர்கள், முகத்தைத் திருப்பியபடியே அவளை நெருங்கியவர்கள். பெர்க்லியில் மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் இத்தகைய ஒளிப்பதிவுகளை ஆராய்ந்து, 1986இல் ‘ஒழுங்கு குலைந்த’ பிணைப்பு என்ற நான்காம் வகையை முன்வைத்தார்கள். வன்முறைக்கு ஆளான குழந்தைகளிடம் இது அதிகம் காணப்பட்டதால், குழந்தைப் பாதுகாப்பு அலுவலர்கள் சிலர் இதையே கொடுமைக்குச் சான்றாகக் கொள்ளத் தொடங்கினார்கள். அது தவறு, தனியொரு குடும்பத்தைப் பற்றி முடிவெடுக்க இந்த வகைப்பாடு பயன்படாது என்று 2017இல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கூட்டாக எழுதினார்கள். மெய்னும் சாலமனும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் இருவர்.