இன்னார் மனைவி

கும்பகோணத்தில் டைப்பிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர் முடித்துவிட்டு 1979இல் பிம்பிரிக்கு ஸ்டெனோவாக வந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. நிக்டி திலக் சௌக் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை ஓரத்தில் எனக்கொரு நாற்காலி. பாஸ்போர்ட், பான் கார்டு, விசா என்று யார் வந்தாலும் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பேன். கடைக்காரர் மராட்டியர். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். தெற்கத்தி ஆள் யாராக இருந்தாலும் அவருக்கு ‘அண்ணா’தான்.

போன மார்கழியில் எங்கள் சொசைட்டியின் மூன்றாவது மாடித் தமிழ்ப் பெண் ஒரு கடிதத்தோடு வந்தாள். கணவர் கம்பெனி வேலையாக இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருக்கிறார். லீவில் ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வர விசிட்டர் விசா கேட்டிருந்தாள், கிடைக்கவில்லை. எந்த நாடு என்று நான் சொல்லப்போவதில்லை. எல்லா நாட்டுக் கடிதமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். திருமண உறவுக்குப் போதிய ஆதாரம் இல்லை. வங்கிக் கணக்கில் திடீரென்று விழுந்த மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. திரும்பி வருவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை.

“அங்கிள், பதினேழு வருஷம் ஒண்ணா வாழ்ந்தாச்சு. நான் அவர் பொண்டாட்டிதான்னு இனிமே எப்படி நிரூபிக்கிறது?” என்றாள்.

என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, ஏஜென்ட் எழுதிக் கொடுத்த ஒரு கவரிங் லெட்டர். 2008இல் கும்பகோணத்தில் நடந்த கல்யாணம். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் நம்மில் யார் ரிஜிஸ்டர் ஆபீஸ் படியேறினோம்? ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள்தான் ஏறினார்கள். ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டதே நமக்குச் சாட்சி.

அந்தச் சாட்சி செல்லாது என்று ஒரு நீதிபதி சொன்ன கதையை அவளுக்குச் சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் போர்ட் எலிசபெத்தில் வாழ்ந்துவந்தவர் ஹசன் ஈசாப். அவர் மனைவி பாய் மரியத்தைக் குடிவரவு அதிகாரிகள் உள்ளே விடவில்லை. வழக்கு கேப் நீதிமன்றத்துக்குப் போனது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சர்ல் தீர்ப்புச் சொன்னார்: பலதார மணத்தை அனுமதிக்கும் ஒரு மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணத்தை இந்த நாட்டுச் சட்டம் ஏற்காது. ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை மறுக்கப் போட்ட அந்த வரி, அங்கே இருந்த இந்து, இஸ்லாமிய, பார்சிக் குடும்பங்கள் அத்தனையையும் தொட்டது. காலையில் மனைவியாக எழுந்தவள் சாயங்காலம் சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டி. பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளானது.

அதுவரை பெண்களைச் சிறைக்கு அனுப்பத் தயங்கிய காந்தி, அதற்குப் பிறகுதான் அவர்களைப் போராட்டத்தில் சேர்த்துக்கொண்டார். செப்டம்பரில் அவருடைய ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கஸ்தூரிபா உள்ளிட்டோர் அனுமதிச் சீட்டு இல்லாமல் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்து, மூன்று மாதக் கடுங்காவல் பெற்றார்கள். டிரான்ஸ்வால் பக்கத்திலிருந்து பதினோரு பெண்கள் புறப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு. முதலில் இவர்களைக் கைது செய்ய யாரும் முன்வரவில்லை. எனவே நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய்ப் பேசினார்கள். வேலைநிறுத்தம் மூண்டது. பிறகுதான் கைது.

இந்தப் பதினோரு பேரின் பட்டியலைக் காந்தி தன் தென்னாப்பிரிக்க சத்தியாகிரக நூலில் தந்திருக்கிறார். படித்துப் பார்த்தால் ஃபாரம் நிரப்புகிறவனுக்குத் தலை சுற்றும். திருமதி தம்பி நாயுடு, திருமதி பி.கே. நாயுடு, திருமதி சின்னசாமிப் பிள்ளை என்றுதான் இருக்கிறது. மணமான ஒருத்திக்கும் சொந்தப் பெயர் இல்லை. நாங்கள் மனைவிகள்தான் என்று நிலைநாட்டச் சிறைக்குப் போனவர்கள், இன்னார் மனைவி என்றே ஏட்டில் நின்றுவிட்டார்கள். அந்தப் பட்டியலுக்கு வெளியே, சொந்தப் பெயரோடு நமக்குத் தெரிந்தவள் தில்லையாடி வள்ளியம்மை. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பதினாறு வயதில் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள். அந்த வருஷமே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஒரு கணவனுக்கு ஒரு மனைவி என்ற அளவில் நம் கல்யாணங்களை ஒப்புக்கொண்டது. நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்து தங்கிய கூலிகள் கட்டிவந்த மூன்று பவுன் வரியும் அதோடு ஒழிந்தது.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. என் அப்பா அம்மாவுக்கு நடந்தது சுயமரியாதைக் கல்யாணம். ஐயரும் இல்லை, ஓமமும் இல்லை என்பதால் அந்த மாதிரிக் கல்யாணம் செல்லாது என்று 1950களில் நம் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருந்தது. அண்ணா ஆட்சிக்கு வந்து 1967இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் என் அம்மா முன்தேதியிட்டு மனைவியானாள். எனக்கு அப்போது பத்து வயது.

நிற்க. மூன்றாவது மாடிக்காரியின் சிக்கலுக்கு வருகிறேன். அவளுடைய உண்மையான பிரச்சினை பணமல்ல, இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருந்தார்கள். ஆதாரில் கணவர் பெயர். சொசைட்டி ஷேர் சர்டிபிகேட்டில் மராட்டிய வழக்கப்படி அவள் பெயர், நடுவில் கணவர் பெயர், கடைசியில் மாமனார் பெயர். இங்கே எல்லோருக்கும் ஆட்நாவ், அதாவது குடும்பப் பெயர், உண்டு. இல்லை என்றால் குமாஸ்தாவுக்குக் கை ஓடாது, எதையாவது எழுதிவிடுவான். தூரத்து மேசையில் உட்கார்ந்து இந்தக் காகிதங்களைப் புரட்டுகிறவருக்கு மூன்று பெண்கள் தெரிந்திருப்பார்கள்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பிரிட்டிஷ் இந்தியா காலத்துப் பாஸ்போர்ட்டில் கணவன் படத்தோடு மனைவி படத்தையும் ஒட்டிவிடுவார்கள். அவன் பயணத்தில் அவளும் ஒரு சாமான். தனிப் பாஸ்போர்ட் வந்த பிறகு தனிச் சந்தேகமும் வந்தது. 1979 ஜனவரியில், நான் பிம்பிரிக்கு வந்த அதே வருஷம், நிச்சயித்த மாப்பிள்ளையைக் கைப்பிடிக்க லண்டன் போன ஓர் இந்தியப் பெண்ணை ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அப்போது மணப்பெண்ணுக்கு முன்கூட்டி விசா தேவைப்படவில்லை, மனைவிக்குத் தேவைப்பட்டது. அதனால் இவள் ஏற்கெனவே மனைவியோ என்று சந்தேகமாம். கல்யாணம் ஆகவில்லை என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள் என்று அன்று தெரிந்தது.

ஒருமுறை மறுத்தால் அடுத்த வாரமே அதே காகிதங்களோடு திரும்பக் கட்டுகிறவர்கள் உண்டு. பணம் போவதுதான் மிச்சம். என்ன மாறியிருக்கிறது என்று காட்ட வேண்டும். அவளைக் கும்பகோணத்துக்கு அனுப்பினேன். இந்துத் திருமணச் சட்டப்படி பதிவு செய்து சான்றிதழ் வாங்க, கணவர் பத்து நாள் லீவு போட்டு வந்தார். மூன்று லட்சம் அவள் அப்பா நிலம் விற்றுக் கொடுத்தது. கிரயப் பத்திரத்தை நோட்டரியிடம் மொழிபெயர்த்து வைத்தோம். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் ஒரு அஃபிடவிட். பையன் பள்ளித் தேர்வு எழுதவேண்டியிருந்ததால் இங்கே பாட்டியோடு இருப்பான் என்று ஒரு கடிதம், பள்ளியின் முத்திரையோடு.

இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்ற கட்டம் வந்தபோது ‘இல்லை’ என்று போட்டுவிடலாமா என்றாள். ஏஜென்ட் சொல்லிக்கொடுத்ததாம். எனக்குக் கோபம் வந்தது. ‘ஆம்’ என்று போட்டு, கவரிங் லெட்டரின் முதல் வரியிலேயே மறுத்த தேதியை டைப் அடித்தேன். அவர்களிடமே இருக்கும் தாளை அவர்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பதில் வரும்வரை இருப்புக்கொள்ளாமல் ஒரு நாள் பஸ் மாறி எரவாடா பக்கம் ஆகா கான் மாளிகைக்குப் போய்வந்தேன். கஸ்தூரிபாவின் சமாதி அங்கேதான். 1942இல் அங்கே காவலில் வைக்கப்பட்டு, 1944 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வள்ளியம்மை போன அதே தேதி, முப்பது வருஷம் கழித்து. பூனாவில் நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இருக்கிறேன், இது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மூன்றாம் வாரம் கூரியர் கவரோடு கடைக்கு வந்தாள். கையில் ஒரு பாக்கெட் பாகர்வடி. விசா ஒட்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். குடும்பப் பெயர் இருந்த இடத்தில் அவள் அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

“ஏர்போர்ட்ல உன்னை அப்பா பேர் சொல்லித்தாம்மா கூப்பிடுவாங்க” என்றேன்.

“கூப்பிடட்டும் அங்கிள். அவர் நிலத்தை வித்த காசுதானே” என்றாள்.