தோல் வாளியும் சுருக்குப் பையும்

1736இல் பிலடெல்பியா, டெலவேர் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறிய துறைமுக ஊர். கணப்புத் தணலைக் கரண்டியில் ஏந்தி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு கங்கு சிந்தினால் போதும், வீடு போய்விடும். இதை எச்சரித்து 1735இலேயே தம் பத்திரிகையில் எழுதியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அடுத்த ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி, நண்பர்களோடு யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார்.

அவர்கள் கையெழுத்திட்ட விதிகளை எப்போது படித்தாலும் என் மனம் நெகிழ்கிறது. ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் 2 தோல் வாளிகளும் 4 துணிப்பைகளும் வைத்திருக்க வேண்டும். பையின் வாயில் சுருக்குக் கயிறு. மேலே உரியவரின் பெயர் முதலெழுத்துகள். வாளி தண்ணீருக்கு; பை, எரியும் வீட்டின் சாமான்களை அள்ளிக் காப்பாற்ற. களேபரத்தில் திருட்டு நடக்காமலிருக்க இருவர் வாசலில் காவல் நிற்பார்கள். இரவில் தீ என்றால் உறுப்பினர்கள் தம் வீட்டுச் சன்னல்களில் விளக்கேற்றி வைப்பார்கள்.

மாதக் கூட்டத்துக்கு வராதவர்களிடம் வாங்கிய அபராதப் பணம், நீரிறைக்கும் பொறியாகவும் ஏணியாகவும் மாறியது. ஒரு குழுவைப் பார்த்து இன்னொன்று முளைத்தது. பின்னாளில் குழுக்களிடையே போட்டி முற்றி, தெருச்சண்டை வரை போனது. 1871இல் பிலடெல்பியா சம்பளத் தீயணைப்புத் துறைக்கு மாறியது.

ஆனாலும் அமெரிக்கத் தீயணைப்பாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் தன்னார்வலர்களே. சிற்றூர்கள் அவர்களை நம்பியே உறங்குகின்றன. அடுத்த வீட்டு நெருப்பைத் தன் வீட்டு நெருப்பாக நினைப்பதைவிடப் பெரிய குடிமைப் பண்பு எனக்குத் தெரியவில்லை.