சமவாய்ப்பு மாறி: காசு சுண்டிக் கிடைத்த பெயர்

அமெரிக்கக் கணித அறிஞர்கள் ஜோசப் டூபும் வில்லியம் ஃபெல்லரும் ஆளுக்கொரு நிகழ்தகவு நூல் எழுதிக்கொண்டிருந்தார்கள். தற்செயல் விளைவைப் பொறுத்து அமையும் எண்ணுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் இருவரும் வேறுபட்டார்கள். ‘ரேண்டம் வேரியபிள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்’ என்றார் ஃபெல்லர். ‘சான்ஸ் வேரியபிள் என்றுதான்’ என்றார் டூப். இரு நூலிலும் ஒரே பெயர் வரவேண்டும். பூவா தலையா போட்டுப் பார்த்தார்கள், ஃபெல்லர் வென்றார். அவர் நூல் 1950இலும் டூபின் நூல் 1953இலும் வெளிவந்தன. பின்னாளில் இந்தக் கதையைச் சொன்னவர் தோற்றுப்போன டூபேதான்.

வென்ற ‘ரேண்டம்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கட்டற்ற பாய்ச்சல் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களோ பகடையைக் குறிக்கும் ‘ஆலெயா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து தங்கள் பெயரை ஆக்கிக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘ரேண்டம் வேரியபிள்’ என்பது ‘சமவாய்ப்பு மாறி’. குலுக்கல் சீட்டுக்குச் ‘சமவாய்ப்பு’ பொருந்தும். ஆனால் இரண்டு காசுகளைச் சுண்டித் தலைகளை எண்ணிப் பாருங்கள். பூ-பூ, பூ-தலை, தலை-பூ, தலை-தலை என விளைவுகள் நான்கு. தலை ஒன்றும் விழாமலிருக்க 1/4, ஒன்று விழ 1/2, இரண்டும் விழ 1/4. மாறி என்பது இந்த எண்ணிக்கைதான். அதன் மதிப்புகளுக்கு வாய்ப்பு சமமில்லை. பெயரை நம்பி மூன்றுக்கும் 1/3 போடும் மாணவரைத் திட்டவேண்டாம். இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ 3/4 என்பதற்குப் பதில் 2/3 என்று, 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்திலேயே எழுதியவர் கணித அறிஞர் தலாம்பேர். சமமல்லாத மூன்று நிலைகளைச் சமமென்று எண்ணியதே பிழை.

‘மாறி’யும் இடறுகிறது. வரையறைப்படி அது ஒரு சார்பு; ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் எண்ணைத் தரும் விதி. காசு விழும் விதம் மாறும், விதி மாறாது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘எழுமாற்று மாறி’ என்கின்றன. ‘செய்யுமாறு’ போல, எழும் + ஆறு என்று இதைப் பிரிக்கலாம். ஆறு என்றால் வழி. எப்படி எழுகிறதோ அப்படி. ஆற்றுமணலில் ஆறு ‘ஆற்று’ ஆவதுபோல இங்கும் ஆயிற்று. சமம் என்ற வாக்குறுதி எதையும் இந்தப் பெயர் தரவில்லை.

தமிழ்நாட்டுப் பெயரிலிருந்து ‘சம’வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘வாய்ப்பு மாறி’. டூப் கேட்டதும் அதைத்தான்.