சிக்குமுடியும் சீமை விக்கும்

எங்கள் சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட் இருப்பதால் டீக்கடையில்கூட இரும்பு விலைதான் பேச்சு. அதேபோல ஏறி இறங்கி, அதே துறைமுகம் வழியாகக் கப்பலேறிய இன்னொரு சரக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது தலைமுடி.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சீப்பில் வந்த முடியை அம்மா விரலில் சுற்றி உருண்டையாக்கி, கூரை இடுக்கில் செருகி வைப்பார். சிக்குமுடி வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுத்தால் அதற்கு ஈடாக ஊசி, ஹேர்பின் கிடைக்கும். நிறைய சேர்ந்திருந்தால் ஒரு சின்னப் பாத்திரம். அது சவுரியாகத் திருவொற்றியூர் கடைக்கே திரும்பி வரும் என்றுதான் நினைத்திருந்தோம். பிறகு துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான், ஏற்றுமதிக் காகிதங்களில் 'மனித முடி' என்று பார்த்தேன்.

இந்த வியாபாரத்தைத் தூக்கிவிட்டது பனிப்போர். 1960-களில் அமெரிக்கப் பெண்களிடம் விக் மோகம் பரவியது. அதே சமயம், கம்யூனிஸ்ட் சீனாவின் முடியில் செய்த விக்குகளுக்கு அமெரிக்கா தடை போட்டது. தென்கொரியாவுக்கும் நமக்கும் கதவு திறந்தது. மத்திய அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷனே சென்னையில் 'விக் இந்தியா' என்ற பெயரில் விக் தயாரித்தது. ஆனால் செயற்கை இழை விக்குகள் மலிவாக வந்ததும் அந்த மோகம் தணிந்தது.

முடியிலும் தரம் உண்டு. ஒவ்வொரு மயிரிழையிலும் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள், வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும். திருப்பதியில் மழித்த நீள முடியை வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கமாகக் கட்டலாம். அதற்கு 'ரெமி' என்று பெயர், நல்ல விலை. சிக்குமுடியில் இரண்டும் கலந்துகிடக்கும். அதைக் கையால் பிரித்து, சிக்கெடுத்து, நீளவாரியாக அடுக்கியாக வேண்டும். அதனால் விலை குறைவு, உழைப்பு அதிகம்.

அடுத்த அடி 2004 மே மாதம் விழுந்தது. மணமான யூதப் பெண்களில் ஒரு பிரிவினர் சொந்த முடியை மறைக்க விக் அணிவார்கள். கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த முடியில் செய்த விக் கூடாது என்று ஜெருசலேமின் மூத்த மதகுரு யோசேஃப் ஷாலோம் எலியாஷிவ் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் குவித்து விக்குகளை எரித்தார்கள். திருமலையில் மொட்டை போட்ட பக்தருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் சரக்கு வாங்குகிறவர்கள், 'இது எங்கிருந்து வந்த முடி?' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சரிவிலிருந்தும் தொழில் எழுந்தது. அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் கூந்தலோடு சேர்த்துத் தைக்கும் நீள முடிக்குக் கேட்பு ஏறியது. 2011-ல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் முடியை இணையத்தில் ஏலம் விட்டபோது நூறு கோடி ரூபாய்க்கு மேல் வந்தது.

பிறகு, சுத்தம் செய்யாத முடி மியான்மர் எல்லை வழியாகக் கள்ளத்தனமாகச் சீனாவுக்குப் போகிறது, இங்குள்ள பட்டறைகளுக்குச் சரக்கில்லை என்ற புகார் வலுத்தது. 2022 ஜனவரியில் மத்திய அரசு கச்சா முடி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் அனுமதி வாங்கித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

அரை நூற்றாண்டுக் கணக்கைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இந்தத் தொழிலின் நம்பிக்கையை ஏற்றியதும் இறக்கியதும் வாஷிங்டன், ஜெருசலேம், டெல்லி. பெரிய வியாபாரி விலை விழுந்தால் சரக்கைக் கிடங்கில் வைத்துக் காத்திருப்பார், முடி கெட்டுப்போகாது. சைக்கிளில் வருகிறவரால் காத்திருக்க முடியாது. அன்று வாங்கியதை அன்றே தள்ளினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். உலகத்தின் விலைச் சரிவு, நம் வாசலில் ஒரு ஹேர்பின் குறைவதாக வந்து முடியும்.

உங்கள் தெருவில் அந்தக் குரல் இன்னும் கேட்கிறதா? கேட்டால், இப்போது முடிக்கு என்ன தருகிறார் என்று விசாரித்து எழுதுங்கள்.