தேதி தெரியாத தேர்தல்கள்

வாக்களிக்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது. என்றைக்கு வாக்களிப்பது என்று சொல்லும் உரிமை வேறிடத்தில் இருக்கிறது. யார் வென்றார், எத்தனை இடங்கள் என்பதையெல்லாம் எழுதிவைக்கும் வரலாற்றாசிரியர்கள், ஒரு தேர்தல் ஏன் அந்த மாதத்தில் வந்தது, அதற்கு முன் எத்தனை மாதங்கள் மக்கள் ஊகித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அநேகமாக விட்டுவிடுகிறார்கள். புதுச்சேரியின் கதையை எழுத அது போதாது. 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசங்கள் அரசாங்கச் சட்டத்தின்படி அமைந்த இந்தச் சிறிய சட்டமன்றம், 1968 முதல் 2021 வரை ஏழு முறை குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கண்டிருக்கிறது. மாநிலங்களுக்கு 356ஆம் உறுப்பு. நமக்கு மேற்சொன்ன சட்டத்தின் 51ஆம் பிரிவு. பெயர்தான் வேறு. "தேர்தல் எப்போது?" என்ற கேள்வி டீக்கடைகளில் இத்தனை முறை கேட்கப்பட்ட ஊர் தென்னாட்டில் வேறு இருக்குமா என்பது ஐயமே.

இவற்றுள் மிக நீண்ட காத்திருப்பு 1974இல் தொடங்கியது. அந்த மார்ச் 6ஆம் தேதி அ.தி.மு.க.வின் எஸ். ராமசாமி முதல்வரானார். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே அக்கட்சி அரியணை ஏறியது இங்கேதான். முப்பது பேர் கொண்ட அவையில் பெரும்பான்மை இல்லாத அந்த அரசு மூன்று வாரங்களில், மார்ச் 28 அன்று, வீழ்ந்தது. அடுத்த தேர்தல் ஆறு மாதத்தில் வரும் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். வரவில்லை. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. அதன்பின் ஊகத்துக்கே இடமில்லாது போயிற்று. நாடாளுமன்றத்தின் ஆயுளே நீட்டிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கடலோரச் சட்டமன்றத்தை யார் நினைப்பார்கள்? செய்தி நிறுவனங்கள் நான்கும் 'சமாச்சார்' என்ற ஒரே அமைப்பாக ஒடுக்கப்பட்டன. 1967இல் தொடங்கிய புதுச்சேரி வானொலி நிலையம் தில்லி தந்த செய்தியையே ஒலிபரப்ப இயலும். லண்டன் தமிழோசைக்குச் சிற்றலையில் காது கொடுப்பது அக்காலத்துப் பழக்கங்களுள் ஒன்று.

1977 ஜனவரி 18 அன்று இரவு, இந்திரா காந்தி வானொலியில் தோன்றி, மார்ச்சில் மக்களவைத் தேர்தல் என்று அறிவித்தார். அன்று காலைவரை அதை எதிர்பார்த்தவர் மிகச் சிலரே. ஊகம் இல்லாமல் வந்த தேர்தல் அது. எதிர்க்கட்சித் தலைவர்களுள் பலர் சிறையிலிருந்து அப்போதுதான் வெளிவந்துகொண்டிருந்தார்கள். தேதியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் அதே அதிகாரம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதையும் அந்த மார்ச்சே காட்டிற்று.

ஒலிபரப்பின் வரலாற்றில் அந்த இரண்டு மாதங்கள் விசித்திரமானவை. அரசியல் கட்சிகள் வானொலியில் வாக்குக் கேட்க நேரம் ஒதுக்கப்பட்டது அந்தத் தேர்தலில்தான். ஒரு கையால் நேரம் தந்த அரசு மற்றொரு கையால் என்ன செய்தது என்பதற்கு 'பாபி' கதை உண்டு. பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை, தில்லி ராம்லீலா மைதானத்தில் ஜகஜீவன் ராமும் மற்ற தலைவர்களும் பேசவிருந்த மாலையில், தூர்தர்ஷன் தான் போடவிருந்த பழைய படத்தை மாற்றி 'பாபி'யைப் போட்டது. கூட்டத்துக்கு வருவோரை வீட்டில் இருத்திவைக்கும் உபாயம் என்றே அதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். மைதானம் நிரம்பி வழிந்தது. ராஜ் கபூரின் படம் தோற்ற ஒரே இடம் அதுவாக இருக்கலாம்! புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு அவ்வாண்டு ஜூனில்தான் வாக்குப்பதிவு நடந்தது. மூன்றாண்டுக்கு மேல் காத்திருந்த ராமசாமி ஜூலை 2 அன்று மீண்டும் முதல்வரானார். 1978 நவம்பரில் மீண்டும் வீழ்ந்தார்.

நேரம் குறிப்பதில் தேர்ந்தவர்கள் சறுக்குவது நமக்கு மட்டும் உரியதன்று. அதே 1978 செப்டம்பரில் பிரிட்டனில் தேர்தல் உறுதி என்று எல்லோரும் நம்பினார்கள். பிரதமர் ஜேம்ஸ் காலஹன் தொழிற்சங்க மாநாட்டில், மாதா கோயிலில் மணமகனுக்காகக் காத்து ஏமாந்த மணப்பெண்ணைப் பற்றிய பழைய மேடைப் பாட்டொன்றைப் பாடிக் காட்டினார். புதிரின் பொருள் யாருக்கும் விளங்கவில்லை. செப்டம்பர் 7 அன்று அவர் தொலைக்காட்சியில் தோன்றியபோது, தேதி சொல்லப்போகிறார் என்றே நாடு காத்திருந்தது. இவ்வாண்டு தேர்தல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த குளிர்காலத்து வேலைநிறுத்தங்கள் அவரை விழுங்கின. 1979 மேயில் மார்கரெட் தாட்சர் வந்தார்.

பிரான்ஸை இங்கே விட்டுவிட முடியாது. நம் ஊரில் இரண்டு குடியரசுகளின் வாக்காளர்கள் வாழ்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட புதுச்சேரிக் குடும்பங்களுக்குப் பாரீஸின் தேதியும் சொந்தத் தேதியே. 1997 ஏப்ரலில் ழாக் ஷிராக் தொலைக்காட்சியில் தோன்றி, ஓராண்டு மீதமிருந்த நாடாளுமன்றத்தைக் கலைத்தார், பெரும்பான்மையை இழந்தார். 2024 ஜூன் 9 இரவு, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் இம்மானுவேல் மக்ரோனும் கலைத்தார். மூன்று வாரத்தில் முதல் சுற்று. இந்திய மக்களவைக்கு ஏப்ரலில் உறவினர் வாக்களித்த அதே தெருக்களில், வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களின் பதினோராவது தொகுதிக்கு வாக்குத் தேடும் வேலை உடனே தொடங்கிற்று.

தேதி தெரியாத நிலையில் ஒலிபரப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்? சட்டமன்றத்தின் ஆயுள் முடிவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் எந்த நாளிலும் தேர்தல் வரலாம் என்பது சட்டம். அந்த ஆறு மாதமும் அவர்களுக்குப் பாதித் தூக்கந்தான். தொகுதி வரலாறு, சென்ற முறை வாக்கு வித்தியாசம், வேட்பாளராகக்கூடியவர்களின் பெயரும் உச்சரிப்பும் முன்பே கோப்பில் ஏறிவிடும். புதுச்சேரியில் இவ்வேலை மும்மடங்கு. முப்பது தொகுதிகளில் இருபத்துமூன்று இங்கே, ஐந்து காரைக்காலில், ஒன்று கேரளக் கரையிலுள்ள மாஹேயில், ஒன்று கோதாவரிக் கரையிலுள்ள ஏனாமில். நிலவரம் மூன்று மொழிகளில் வரும். ஏனாமின் வேட்பாளர் பெயரைச் சென்னை ஸ்டூடியோவில் அமர்ந்து சரியாகச் சொல்லும் செய்தி வாசிப்பாளருக்குத் தனியாக ஒரு விருது கொடுக்கலாம்.

அரசு ஊடகங்களில் கட்சிகளுக்கு நேரம் பகிர்வது 1998 முதல் தேர்தல் ஆணையத்தின் திட்டப்படி நடக்கிறது. சென்ற தேர்தலின் வாக்கு விகிதத்தைப் பார்த்து நிமிடம், சீட்டுக் குலுக்கி வரிசை. உரை முன்கூட்டியே சரிபார்க்கப்படும். 2024இல் சீதாராம் யெச்சூரியின் உரையிலிருந்து சில சொற்களை நீக்கச் சொன்னார்கள். குறைகூற நிறையவே இடமுண்டு. ஆயினும் 'பாபி'யை ஏவிய காலத்தை நினைத்தால் இந்தச் சீட்டுக் குலுக்கலை நாம் ஏளனம் செய்ய மாட்டோம்.

1991க்குப் பின் முப்பதாண்டுகள் முதல்வர்கள் மாறினாலும் அவைகள் ஆயுளை நிறைவு செய்தன. ஊகம் சலிப்பூட்டும் கலையாகிவிட்டது. 2021 பிப்ரவரி அதை மாற்றியது. தேர்தல் எப்படியும் சில வாரங்களில் வரவிருந்தது. அதற்குள் ஆளுங்கட்சியிலிருந்து ஒவ்வொருவராக விலகினார்கள். 16ஆம் தேதி துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நீக்கப்பட்டார். 22ஆம் தேதி வே. நாராயணசாமி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றதை அவையில் அறிவித்தவர் சபாநாயகர் வி.பி. சிவக்கொழுந்து. எங்கள் லாஸ்பேட்டைத் தொகுதியின் உறுப்பினர். 25ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி. மறுநாளே, 26ஆம் தேதி மாலை, ஆணையம் தேதிகளை அறிவித்தது. இருபத்துநான்கு மணி நேரந்தான் இடைவெளி என்னும்போது அந்த ஆட்சிக் கலைப்பின் தேவை என்ன என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியவில்லை. சட்டமன்றத்து வாசலில் நின்ற ஒளிபரப்பு வண்டிகள், வீட்டுக்குத் திரும்பாமலே தேர்தல் வண்டிகளாயின.

இப்போது காத்திருப்பு வேறிடத்துக்கு மாறியிருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் எண்ணிக்கை இரண்டு நாள் நீளும். தூர்தர்ஷன் இடையிடையே திரைப்படம் போட்டு நிலவரம் சொல்லும். 2001இல் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்துக்கு மாறியது. மே 10இல் வாக்குப்பதிவு, 13இல் எண்ணிக்கை. 2021இல் ஏப்ரல் 6க்கும் மே 2க்கும் இடையே இருபத்தாறு நாள். மேற்கு வங்கத்தில் எட்டுக் கட்டங்கள் முடிய வேண்டியிருந்தது. மக்களவைக்கு 2019இல் முப்பத்தைந்து நாள், 2024இல் நாற்பத்தாறு நாள். அந்நாட்களில் கருத்துக் கணிப்பாளர்களின் வாயை, 2010இல் நடைமுறைக்கு வந்த 126அ பிரிவு கட்டிவைக்கிறது. கடைசிக் கட்டம் முடிந்த மாலையில்தான் அவர்கள் பேசலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆளுநர் லா தெ லோரிஸ்தோனின் பெயரைச் சுமக்கும் எங்கள் பேட்டையில், மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கின் முத்திரையிட்ட அறைகளில், அந்த இயந்திரங்கள் கோடையைக் கழிக்கின்றன. வெளியே துணை ராணுவத்தினர். எண்ணிக்கைக்கு முந்தைய நாள் மாலை, கூரையில் தட்டு ஏந்திய வண்டிகள் கல்லூரிச் சாலைக்கு வந்து, கம்பி இழுத்து, மறுநாள் காலை எட்டு மணிக்காக நிழலுள்ள மரமாகப் பார்த்து நிற்கின்றன.